பஞ்சு போலத்தான் தெரியும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பசியாறிவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தேன். திடீரென்று என் பேத்தி கூவினாள்.

"தாத்தா, சீக்கிரம் வந்து பாருங்க! அந்த அண்ணன் பஞ்சு மெத்தையில விழுந்து எழுந்திரிக்கிறாரு!"

எழுந்து போய்ப் பார்த்தேன். தொலைக்காட்சியில் பனிச்சறுக்கு காட்டிக்கொண்டிருந்தார்கள். வானத்தைத் தொடும் மலை. மலை முழுவதும் வெள்ளை. காலில் இரண்டு நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு ஓர் இளைஞன் மேலிருந்து கீழே பறந்து வருகிறான். இடுப்பளவு பனி. அவன் திரும்பும் போதெல்லாம் வெண்புகை போல் தூள் எழும்பி அவன் தலையை மூடுகிறது. அடுத்த நொடி அதைக் கிழித்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வெளியே வருகிறான்.

"அது பஞ்சு இல்லம்மா, பனி" என்றேன்.

"பனின்னா லேசாத்தானே இருக்கும்?" என்றாள் அவள்.

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லலாம் என்றுதான் இன்று பேனாவை எடுத்தேன். நான் பனிமலையைக் கண்ணால் கண்டவன் அல்லன். படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

தமிழில் 'பனி' என்றால் நம் நினைவுக்கு வருவது விடியற்காலையில் புல் நுனியில் நிற்கும் துளிதான். உச்சி வெயில் வருவதற்குள் அது காணாமல் போய்விடும். ஆனால் அந்த நாடுகளில் வானத்திலிருந்து கொட்டுகிற வெண்பனி அப்படிப்பட்டதல்ல. கொட்டும், தங்கும், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும், வீட்டுக் கூரையை அமுக்கும்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் கலிபோர்னியா மாநிலம் இருக்கிறது. அதன் கிழக்கு ஓரமாக நீண்டு கிடக்கும் பெரிய மலைத்தொடருக்குச் சியரா நெவாடா என்று பெயர். ஸ்பானிய மொழியில் 'பனி மூடிய மலை' என்று பொருள். இந்த மலைகளின் நடுவே தாஹோ என்னும் ஏரி கிடக்கிறது. அந்த ஏரியைச் சுற்றிப் பல பனிச்சறுக்கு மையங்கள். அவற்றில் ஒன்றில்தான் 1960-ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன.

அங்கே எவ்வளவு பனி விழும் தெரியுமா? டோனர் கணவாய்க்குப் பக்கத்தில் உள்ள ஆராய்ச்சி நிலையம் 2022-23 குளிர்காலம் முழுவதும் விழுந்ததை அளந்து கூட்டியது. 754 அங்குலம்! அதாவது 62 அடிக்கும் மேல். அதே நிலையம் 1951-52-இல் 812 அங்குலம் அளந்திருக்கிறது.

பனிக்கும் எடை உண்டு

எல்லாப் பனியும் ஒன்றல்ல. பசிபிக் கடலிலிருந்து ஈரக்காற்று நேரே வந்து மோதுகிற முதல் பெரிய மலை சியரா. கடலின் ஈரம் காயுமுன்பே அது பனியாகக் கொட்டிவிடும். குளிரும் மிகக் கடுமையாக இராது. தண்ணீர் உறையும் நிலையை ஒட்டியே பல நாள் நிற்கும். ஆகவே பனித்துகள்கள் ஈரத்தோடு ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அதே காற்று பாலைவனத்தைக் கடந்து உள்நாட்டில் யூட்டா மாநிலத்துக்குப் போய்ச் சேரும்போது பெரும்பாலான ஈரத்தை இழந்திருக்கும். குளிரும் அங்கே அதிகம். அதனால் அந்த ஊர்ப் பனி உலர்ந்த மாவு போல் இருக்கும். கையில் எடுத்து ஊதினால் பறந்துவிடும். பனிச்சறுக்குக்காரர்கள் அதைத்தான் 'பௌடர்' என்று கொண்டாடுகிறார்கள்.

சியராவிலும் பௌடர் விழும். ஆனால் அது கனத்த பௌடர். அந்த ஊர் ஆட்கள் அதற்கு வைத்திருக்கும் கேலிப் பெயர் 'சியரா சிமெண்டு'.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் வீடுகளில் தண்ணீர் பிடித்து வைத்த பழைய மண்ணெண்ணெய் டின் நினைவிருக்கிறதா? நிறையத் தண்ணீர் பிடித்தால் 18 கிலோ. அதே டின்னில் யூட்டாவின் உலர்ந்த பனியை அள்ளி நிரப்பினால் சுமார் ஒன்றரைக் கிலோதான் இருக்கும். சியராப் பனியை நிரப்பினால் இரண்டு முதல் மூன்று கிலோ. "இவ்வளவுதானா?" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரு பாய் விரிக்கிற இடத்தில் அந்தப் பனி ஏழு அடி உயரம் நின்றால் அரை டன். பாய் அளவு இடத்துக்கே இப்படியென்றால் ஒரு மலைச்சரிவு முழுவதும் எத்தனை ஆயிரம் டன் நிற்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அதில் எப்படிச் சறுக்குகிறார்கள்?

தரையை இயந்திரத்தால் அமுக்கிச் சமப்படுத்திய பாதையில் சறுக்குவது ஒரு வித்தை. ஆழமான புதுப்பனியில் சறுக்குவது முற்றிலும் வேறு வித்தை.

கெட்டிப் பாதையில் திரும்பும்போது உடல் பாரத்தை வெளிப்பக்கத்துக் காலில் போடவேண்டும். ஆழப்பனியில் அப்படிச் செய்தால் அந்தக் கால் மட்டும் அமிழ்ந்து போகும்; ஆள் குப்புற விழுவான். ஆகவே இரண்டு பலகைகளையும் நெருக்கி வைத்து, ஒரே பலகை போல எண்ணி, பாரத்தை இரண்டிலும் சரிசமமாக வைக்கிறார்கள். மெதுவாகப் போகலாம் என்று பயந்தால் பலகை மூழ்கும். ஓரளவு வேகம் இருந்தால்தான் மிதக்கும். படகு வேகமெடுத்ததும் மூக்கைத் தூக்கிக்கொள்கிறதல்லவா, அதைப் போல. முழங்காலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, ஒரே தாளத்தில் இறங்க வேண்டும்.

கனத்த பனியில் இன்னும் ஒரு சிரமம். காலைத் திருகித் திருப்ப முடியாது. பனி பிடித்துக்கொள்ளும். அவசரப்படாமல், பலகைகள் தாமாக வளைந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். பத்துத் திருப்பத்திலேயே தொடை நெருப்பாய் எரியும். விழுந்துவிட்டாலோ, கையை ஊன்றி எழ முடியாது. ஊன்றிய கை தோள்வரை உள்ளே போகும். தெரிந்தவர்கள் இரண்டு ஊன்றுகோல்களையும் பெருக்கல் குறி போல் பனியின்மேல் குறுக்கே வைத்து, அதை அழுத்தி எழுவார்கள். கழன்றுபோன பலகை பனிக்கடியில் எங்கே கிடக்கிறதோ? தேடிக் கண்டுபிடிக்கவே அரை மணி ஆகலாம். சிலர் முன்யோசனையாக நீண்ட வண்ண நாடாவைப் பலகையில் கட்டி வைப்பதும் உண்டு.

அந்தக் காலத்துப் பலகைகள் ஒல்லியாக இருந்தன. இன்று ஆழப்பனிக்கென்றே அகலப் பலகைகள் வந்துவிட்டன. இந்த மாற்றத்தில் முன்னே நின்றவர் தாஹோவில் பேர்பெற்ற ஷேன் மெக்கான்கி. தண்ணீரில் சறுக்கும் பலகை மிதக்கிறதே, பனிப்பலகையும் ஏன் அப்படி இருக்கக்கூடாது என்று யோசித்தார். 2001-இல் அலாஸ்காவில் தண்ணீர்ப் பலகைகளையே மாட்டிக்கொண்டு பனிமலையில் இறங்கிக் காட்டினார். நுனியும் வாலும் மேல்நோக்கி வளைந்த அகலப் பலகை அந்த யோசனையில்தான் பிறந்தது. 2009-இல் இத்தாலியில் ஒரு மலையுச்சியிலிருந்து குதித்த சாகசத்தில் அவர் உயிரிழந்தார். ஆனால் இன்று ஆழப்பனியில் இறங்குகிற பலரின் காலடியில் அவருடைய யோசனை இருக்கிறது.

தபால் சுமந்த தாம்சன்

இதெல்லாம் வசதி படைத்தவர்களின் விளையாட்டு என்று நினைப்பீர்கள். ஆனால் சியராவில் பலகை கட்டிய ஆரம்ப நாட்களில் அது பிழைப்புக்கான வழியாகவும் இருந்தது.

நார்வே நாட்டில் 1827-இல் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போனவர் ஜான் தாம்சன். குளிர்காலத்தில் சியரா மலையைக் கடந்து தபால் கொண்டுபோக ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். ஓக் மரத்தைச் செதுக்கித் தன் சொந்த ஊர் முறைப்படி இரண்டு பலகைகள் செய்தார். நீளம் 10 அடி. எடை சுமார் 11 கிலோ. 1856 ஜனவரியில் முதுகில் தபால் மூட்டையோடு கிளம்பினார். கலிபோர்னியாவின் பிளாசர்வில் ஊரிலிருந்து மலைக்கு அப்பால் ஜெனோவா வரை 90 மைல். போக மூன்று நாள், வர இரண்டு நாள். கையில் ஒரே ஒரு நீண்ட கோல். போர்வை கிடையாது, உலர்ந்த இறைச்சியும் ரொட்டியும்தான் உணவு. கடிதங்கள் மட்டுமா? மருந்து, புத்தகம், துணி, பாத்திரம் என்று கேட்டதையெல்லாம் சுமந்தார்.

அந்த ஆண்டின் கடைசியில், வழியில் ஒரு குடிசையில் கால் இரண்டும் உறைந்துபோய்த் தனியே கிடந்த ஒருவரைக் கண்டார். மலையிறங்கி ஆட்களைத் திரட்டி வந்து அவரைச் சறுக்குவண்டியில் வைத்து ஊருக்குக் கொண்டு போனார். காலை வெட்டத்தான் வேண்டும், மயக்க மருந்து இல்லை என்றார் வைத்தியர். தாம்சன் மறுபடியும் மலையேறினார். அந்தப் பக்கம் இறங்கி, சாக்ரமெண்டோ நகரில் மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். அந்த மனிதர் பிழைத்தார்.

இருபது குளிர்காலம் தாம்சன் இப்படி உழைத்தார். சம்பளம்? அரசாங்கத்திடமிருந்து அவருக்கு உரிய பணம் வரவே இல்லை. தலைநகர் வாஷிங்டன் வரை போய் முறையிட்டுப் பார்த்தார். அனுதாபம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. 1876-இல் காலமானார். ஜெனோவாவில் அவருடைய கல்லறைக் கல்லில் பலகைகள் இரண்டைச் செதுக்கியிருக்கிறார்கள். பெயரில் மட்டும் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள்!

வேலை வாங்கிக்கொண்டு கூலியை மறப்பது எந்த நாட்டிலும் நடக்கிற கதைதான் போலிருக்கிறது.

1982 மார்ச் 31

இனிச் சொல்லப்போவதுதான் பேத்தியின் கேள்விக்கு உண்மையான பதில்.

தாஹோ ஏரிக்கு அருகில் ஆல்பைன் மெடோஸ் என்று ஒரு பனிச்சறுக்கு மையம். 1982 மார்ச் மாதக் கடைசியில் அங்கே பெரும் புயல் வந்து நின்றது. சில நாட்களுக்குள் ஏழு அடிக்கு மேல் பனி விழுந்துவிட்டது. 31-ஆம் தேதி மையத்தை மூடிவிட்டார்கள். வாடிக்கையாளர்களுக்குச் சறுக்கு இல்லை. ஆனால் ஊழியர்கள் சிலருக்கு வேலை இருந்தது.

பிற்பகல் மூன்றேமுக்கால் மணி இருக்கும். மேலே குவிந்திருந்த பனி மொத்தமாகக் கழன்று இறங்கியது. அடிவாரத்திலிருந்த கட்டடம் நொறுங்கிப் போயிற்று. கம்பியில் ஓடும் நாற்காலிகளின் நிலையமும், வண்டி நிறுத்தும் இடமும் புதைந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் மையத்தின் ஊழியர்களும் இருந்தார்கள். அந்த வழியே நடந்து வந்தவர்களும் இருந்தார்கள். ஒரு சிறுமியும் இருந்தாள்.

பஞ்சாகத் தெரிகிற பனி அப்படி உருண்டு நின்றதும் என்ன ஆகும் தெரியுமா? இறுகிப் போகும். புதைந்தவன் விரலைக்கூட அசைக்க முடியாது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. மூச்சு முட்டித்தான் பெரும்பாலும் சாவு வருகிறது.

அந்தக் கட்டடத்துக்குள் ஆனா கான்ராட் என்ற 22 வயதுப் பெண் அகப்பட்டுக்கொண்டாள். நாற்காலி ஊர்திகளை இயக்கும் வேலை செய்தவள். அவளோடு வந்த நண்பர் இறந்துவிட்டார். சாய்ந்து விழுந்த இரும்பு அலமாரிகள் ஒரு பெஞ்சின்மேல் முட்டிக்கொண்டு நின்றதால், அதனடியில் ஓர் ஆள் முடங்கிக் கிடக்கும் அளவுக்கு இடம் கிடைத்தது. இருட்டு, கடுங்குளிர், உணவில்லை. பனியை வாயில் போட்டுக் கரைத்துக் குடித்தாள். மேலே ஆட்களின் குரல் கேட்டது. கத்தினாள். அவளுடைய குரல் மேலே எட்டவில்லை. மறுபடியும் புயல் வலுத்ததால் தேடுகிறவர்களும் வெளியேற வேண்டியதாயிற்று.

ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 5-ஆம் தேதி, பிரிட்ஜெட் என்ற தேடுநாய் காட்டிய இடத்தில் தோண்டினார்கள். ஆனா உயிரோடு இருந்தாள்! பனிச்சரிவில் புதைந்தவரை ஒரு நாய் உயிரோடு கண்டுபிடித்துக் கொடுத்தது வட அமெரிக்காவில் அதுவே முதல் தடவை. உறைந்துபோனதால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது. மறு காலில் விரல்கள் போயின. செயற்கைக் காலோடு அவள் மீண்டும் பனியில் சறுக்கினாள் என்பதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விடியுமுன் போகிறவர்கள்

தொலைக்காட்சியில் அந்த இளைஞன் சிரித்துக்கொண்டு இறங்குகிறானே, அவனுக்கு முன்னால் அந்த மலையில் வேறு சிலர் ஏறியிருக்கிறார்கள். ஸ்கீ காவலர்கள் என்று அவர்களுக்குப் பெயர். இரவெல்லாம் பனி கொட்டினால் விடியுமுன்பே அவர்களுக்குப் பிரட்டு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் கிளம்புவது நம் பால்மரத் தொழிலாளர்களுக்குப் புதிதல்லவே! எத்தனை அங்குலம் விழுந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, எந்தச் சரிவில் பனி குவிந்தது என்று பார்த்து, இருவர் இருவராக மலைமுகட்டில் நடந்து போவார்கள். சந்தேகமான இடத்தில் வெடியைக் கொளுத்திப் போடுவார்கள். கழன்று விழ வேண்டிய பனி, ஆள் வருமுன்பே விழுந்து தொலையட்டும் என்பதுதான் கருத்து. எட்டாத சரிவுகளுக்குப் பீரங்கியும் உண்டு.

இந்த முறையை அமெரிக்காவில் வளர்த்தவர் மாண்ட்கமரி அட்வாட்டர். இரண்டாம் உலகப் போரில் மலைப் படையில் இருந்தவர். போர் முடிந்ததும் யூட்டாவின் ஆல்ட்டாவில் வனத்துறைக் காவலராகச் சேர்ந்து, போரில் மிஞ்சிய வெடிமருந்தைப் பனிமேல் போட்டுச் சோதித்தார். மனிதரைக் கொல்லச் செய்த மருந்து மனிதரைக் காக்கப் பயன்பட்டது. 1960 ஒலிம்பிக்கில் பனிச்சரிவைத் தடுக்கும் பொறுப்பு இவரிடம்தான் இருந்தது. அந்த ஒலிம்பிக் மலையும் பக்கத்து ஆல்பைன் மெடோஸும் இன்று ஒரே நிர்வாகத்தின்கீழ், பாலிசேட்ஸ் தாஹோ என்ற பெயரில் நடக்கின்றன.

இத்தனை செய்தும் மலை முழுவதும் மனிதன் கைக்கு அடங்கிவிடாது. 2024 ஜனவரி 10-ஆம் தேதி அதே பாலிசேட்ஸ் தாஹோவில், திறந்துவிட்ட சரிவிலேயே பனி சரிந்து ஒருவர் இறந்தார்.

பனிச்சரிவு மட்டுமல்ல, மரங்களும் ஆபத்தானவை. தாழ்ந்த கிளைகளையுடைய ஊசியிலை மரத்தைச் சுற்றிப் பனி இறுகாமல் பொள்ளலாக நிற்கும். மேலே பார்த்தால் தெரியாது. அதில் தலைகீழாக விழுந்தவன் தானாக வெளியே வருவது மிக அரிது. உதற உதறப் பனி மேலும் உள்ளே கொட்டும். அதனால்தான் ஆழப்பனியில் தனியே போகாதே, துணையைக் கண்பார்வையில் வைத்துக்கொள், விழுந்தால் ஊதுவதற்கு ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொள் என்று சொல்கிறார்கள். மையத்தின் எல்லையைத் தாண்டிப் போகிறவர்கள் வானொலி அலைக் கருவி, மண்வெட்டி, நீண்ட குத்துக்கோல் மூன்றையும் கொண்டு போகிறார்கள். அந்தக் கருவி உன்னைக் காப்பாற்ற அல்ல, உன் நண்பன் உன்னைக் கண்டுபிடிக்க!

மையங்களில் ஆபத்தான இடத்துக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டி 'மூடப்பட்டது' என்று பலகை தொங்கவிடுவார்கள். கயிற்றுக்கு அப்பால் யாரும் மிதிக்காத வெண்பனி கண்ணைப் பறிக்கும். 'ஒரு தடவைதானே' என்று இளரத்தம் கயிற்றுக்கடியில் நுழையும். அவன் புதைந்தால் அவனைத் தேடி அதே சரிவுக்குப் போகவேண்டியவர்கள் விடியற்காலையில் உயிரைப் பணயம் வைத்து அந்தக் கயிற்றைக் கட்டினவர்களே.

நமக்குப் பனிமலை இல்லை. ஆனால் கயிறு நமக்கும் உண்டு. மழைக்காலத்தில் ஆற்றுப் பாலத்தில் கட்டுகிறார்கள். மண் சரிந்த பாதையில் கட்டுகிறார்கள். மருந்தடித்த காட்டில் கட்டுகிறார்கள். "என்ன ஆகிவிடும்?" என்று தாண்டிப் போகிறோம். அடுத்த முறை தாண்டுமுன், அதை யார் நனைந்துகொண்டு வந்து கட்டினார்கள், நமக்கு ஏதாவது ஆனால் யார் இறங்கித் தேடவேண்டும் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்போமே.

கதை முழுவதையும் கேட்டுவிட்டு என் பேத்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தொலைக்காட்சியையே பார்த்தபடி கேட்டாள்:

"அந்த அண்ணன் இறங்குறதுக்கு முன்னாடி ஏறிப்போனாங்களே, அவங்களை ஏன் தாத்தா காட்டவே மாட்டேங்கிறாங்க?"

இந்தக் கேள்விக்கும் என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.